அத்தை போட்ட ஐம்பத்தாறு டிக்

மாத்திரை விழுங்குவதை உட்கார்ந்து பார்ப்பதுதான் அத்தையின் வேலை. முதல்முறை கேட்பவர்கள் சிரித்துவிடுவார்கள். "முழுங்குறதைப் பாக்க ஒரு ஆளா? அதுக்குச் சம்பளம் வேறயா?" என்பார்கள். அத்தை சிரிக்கமாட்டார். "ஆறு மாசம், ஒரு நாள் விடாம, வெறும் வயித்துல மூணு நாலு மாத்திரை முழுங்கிப் பாருங்க. அப்புறம் சொல்லுங்க" என்பார்.

அத்தை என் அப்பாவின் அக்கா. பெரிய ஆஸ்பத்திரியின் தொற்றுநோய்ப் பிரிவில் பதினேழு வருஷம் இருந்தார். அந்தப் பிரிவு மற்ற கட்டடங்களுக்கெல்லாம் பின்னால், தனி வாசலோடு இருக்கிறது. அங்கே ஜன்னல்களைச் சாத்தவே கூடாது. மழைச்சாரல் மேஜையை நனைத்தாலும் மேஜையைத்தான் நகர்த்த வேண்டும். மின்விசிறி அத்தையின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். காற்று முதலில் அவர்மேல் பட்டு, பிறகு எதிரே உட்கார்ந்திருக்கும் நோயாளிமேல் பட்டு, ஜன்னல் வழியே வெளியே போய்விட வேண்டும். துப்புரவு செய்பவர் நாற்காலிகளைத் திசை மாற்றிப் போட்டுவிட்டால் அன்று காலை முழுவதும் அத்தைக்குச் சிடுசிடுப்புதான்.

அவரிடம் வருபவர்கள் டி.பி. நோயாளிகள். இந்த நோயில் ஒரு தொல்லை உண்டு. இரண்டு மாதம் மருந்து சாப்பிட்டதுமே இருமல் நின்று, உடம்பு தேறி, "நமக்குச் சரியாகிவிட்டது" என்று தோன்றிவிடும். உள்ளே கிருமி முழுக்கச் சாகவில்லை. அந்த நேரத்தில் மருந்தை நிறுத்தினால் அது திரும்பவும் தலையெடுக்கும். சில சமயம் அதே மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் மாறும். அதனால்தான் ஒவ்வொரு நாளும் ஒரு ஆள் எதிரே உட்கார்ந்து, விழுங்கினார் என்று கண்ணால் பார்த்து, அட்டையில் குறிக்க வேண்டும்.

விழுங்குவதுபோல விழுங்கி, கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு போய் வாசலில் துப்புகிறவர்கள் உண்டு. அத்தை அவர்களைத் திட்டமாட்டார். தண்ணீர் குடித்து முடித்ததும், "நேத்து வீட்டுக்கு யாரோ விருந்தாளி வந்தாங்கன்னு சொன்னீங்களே, யாரு அது?" என்று கதை கேட்க ஆரம்பிப்பார். கன்னத்தில் மாத்திரையை வைத்துக்கொண்டு நாலு வாக்கியம் பேச முடியாது. கசப்பு நாக்கில் இறங்கிவிடும், முகம் கோணிவிடும். கதை முடிந்ததும், "ஆ காட்டுங்க" என்பார். அதனால் பிரிவு முழுவதும் அவருக்கு 'ஆ அக்கா' என்று பெயர்.

மாமா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சாவி செய்து தருகிறவர். வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் சொல்கிற வசனம் ஒன்று இருக்கிறது. "ஊர்ல இருக்கிறவன் வாயையெல்லாம் திற திறங்கிறா. கட்டின புருஷன் வாயை மட்டும் மூடு மூடுங்கிறா."

அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. ஒரு நோயாளிக்கு ஒரு அட்டை. நாளுக்கு ஒரு கட்டம். கண் எதிரே விழுங்கினால் டிக். வராவிட்டால் வட்டம். மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பினால் கோடு. கோடு பத்தைத் தாண்டினால் நர்ஸ் ஒருவர் அந்த நோயாளியின் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும், வேலை செய்யும் இடத்திலும் விசாரிக்க வேண்டும். இது பிரிவின் விதி. டாக்டர்கள் அட்டையைப் பார்த்துத்தான் எல்லா முடிவும் எடுப்பார்கள்.

இது நடந்தது ஒரு வேன்காரர் விஷயத்தில். முதலில் வந்தபோது அவருக்கு வேன் கிடையாது. சரக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். இருமல் அதிகமாகி, எடை நாற்பத்திரண்டு கிலோவாகி, இருந்த வேலையும் போய் வந்திருந்தார். முதல் இரண்டு மாதம் அவரைப்போல ஒழுங்காக வந்தவர் யாருமில்லை. ஏழு மணிக்கு மாத்திரை கொடுக்கும் ஜன்னல் திறக்கும், ஆறே முக்காலுக்கே நிற்பார். விழுங்கிவிட்டு, அத்தை கேட்பதற்கு முன்பே வாயைத் திறந்து காட்டிவிட்டு, "போதுமாக்கா, இல்ல குடலையும் காட்டட்டுமா?" என்பார். இரண்டாவது மாத முடிவில் சளியில் கிருமி இல்லை. டாக்டரம்மா வேலைக்குப் போகலாம் என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரமே ஒரு பள்ளி வேனில் டிரைவராகச் சேர்ந்துவிட்டார். அத்தைக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

கஷ்டம் அங்கேதான் ஆரம்பித்தது. வேன் காலை ஆறரைக்குக் கிளம்பி ஒன்பதுக்குப் பள்ளியில் பிள்ளைகளை இறக்கும். மாத்திரை ஜன்னல் ஏழிலிருந்து ஒன்பது வரைக்கும்தான். ஒன்பதுக்கு மேல் அத்தை உள்வார்டுக்குப் போய்விடுவார். வெளிநோயாளிகளை அங்கே விடமாட்டார்கள்.

வேலை தொடங்குவதற்கு முந்தின சனிக்கிழமை அவர் ஜன்னலருகே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அக்கா, ஒரு வாரத்து மாத்திரையைக் கையில குடுத்துடுங்க. வீட்டுல போட்டுக்கிறேன்."

"குடுக்கலாம். கோடு போடுவேன். கோடு பத்தானா உன் வீட்டுக்கு நர்ஸ் வருவாங்க. ஸ்கூல்லயும் போய்க் கேப்பாங்க."

"ஸ்கூல்ல கேட்டா நான் காலி. டி.பி.க்காரன் வண்டியில எவன் புள்ளைய ஏத்துவான்? சரியாயிடுச்சுன்னு நீங்கதான் சொல்றீங்க. அவங்க கேப்பாங்களா?"

"அதுக்கு நான் என்ன பண்றது?"

"நீங்களே பாத்தீங்க. ரெண்டு மாசம், ஒரு நாளாவது தவறியிருக்கேனா? என் மேல நம்பிக்கை இல்லையாக்கா?"

அத்தை யோசித்தார். நம்பிக்கை இருந்தது, அதுதான் உண்மை. கடைசியில், "காலி அட்டையைச் சனிக்கிழமை தோறும் என்கிட்ட கொண்டுவந்து குடுக்கணும். ஒரு மாத்திரை மிச்சமிருந்தாலும் கோடுதான்" என்றார். மாத்திரைகள் பதித்து வரும் அலுமினிய அட்டையைத்தான் சொன்னார். வேன்காரர் தன் தலையில் அடித்துச் சத்தியம் செய்யப் போனார். "சத்தியமெல்லாம் வேணாம், அட்டை போதும்" என்று அத்தை தடுத்தார்.

எட்டு சனிக்கிழமை. எட்டு முறையும் காலி அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுவந்தார். அன்றைய மாத்திரையைக் காலையிலேயே போட்டுக்கொண்டதாகச் சொல்வார். அத்தை அட்டைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, ஏழு கட்டத்திலும் டிக் போடுவார். மொத்தம் ஐம்பத்தாறு. கன்னத்தில் ஒதுக்குகிறவனைப் பேச்சுக் கொடுத்தே பிடித்துவிடுகிற அத்தை, காலி அட்டையை நம்பிவிட்டார். வருஷக்கணக்கில் காலி அட்டைகளை எண்ணி எண்ணி, காலியாக இருந்தால் வயிற்றுக்குள் போயிருக்கும் என்று அவர் மனதில் பதிந்திருக்க வேண்டும்.

எட்டாவது சனிக்கிழமை, டிக் போட்டு முடித்ததும், வேன்காரர் ஜன்னலருகே நின்று இருமினார். ஒரே ஒரு இருமல்தான். அந்தச் சத்தமே அத்தைக்குப் பிடிக்கவில்லை. அடுத்த வார மாத்திரையைக் கொடுக்காமல் கையோடு சளி எடுத்து அனுப்பினார். திங்கட்கிழமை முடிவு வந்தது. கிருமி இருந்தது.

டாக்டரம்மா அட்டையைப் புரட்டிப் பார்த்தார். நாலு மாதமும் டிக். ஒரு வட்டம் இல்லை, ஒரு கோடு இல்லை.

"கார்டு இவ்வளவு சுத்தமா இருக்கு. அப்புறமும் கிருமி இருக்குன்னா மருந்து கேக்கலன்னுதான் அர்த்தம்" என்றார். "எந்த மருந்து கேக்கும்னு பாக்க சளியைப் பெரிய சோதனைக்கு அனுப்பியிருக்கேன். மிஷின் ரிப்பேர், ரிப்போர்ட் வர நாலு நாள் ஆகும்போல. அதுக்காகக் காத்திருக்க வேணாம். புதன்கிழமை வார்டுல சேத்து அடுத்த மருந்தை ஆரம்பிச்சுடலாம்."

அடுத்த மருந்து என்றால் என்னவென்று அத்தைக்குத் தெரியும். சிலருக்குக் கால் மரத்துப்போகும், சிலருக்குக் கண் மங்கும். வார்டில் அப்படி ஆன இருவருக்கு அவரே கைபிடித்து நடக்க உதவியிருக்கிறார்.

அப்போதும் அத்தை வேன்காரரைச் சந்தேகப்படவில்லை. மருந்துதான் தோற்றுவிட்டது என்றே நினைத்தார். ஆனால் மனதில் ஏதோ உறுத்தியது. மதியம், முடிவு கேட்க வந்த வேன்காரர் முற்றத்தில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் குந்தியிருப்பதைப் பார்த்து அவரிடம் போனார்.

இந்த மாத்திரையைச் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். பயப்படாதீர்கள் என்று முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவிடுவார்கள். ஆறு மாதமும் அப்படித்தான் போகும். அத்தை அதைத் தலைகீழாக்கிக் கேட்டார்.

"தம்பி, ஒண்ணு கேக்க மறந்துட்டேன். மூணாவது மாசத்துக்கு மேல ஒண்ணுக்கு பழையபடி வெள்ளையாகணுமே, ஆச்சா? ஆகலன்னா மருந்து உடம்புல ஒட்டலன்னு அர்த்தம். டாக்டர் அதை வச்சுத்தான் முடிவு பண்ணுவாங்க."

அவர் முகம் தெளிந்தது. "ஆயிடுச்சுக்கா. தண்ணி மாதிரி போகுது."

"எத்தனை நாளா?"

"அது இருக்கும், ரெண்டு மாசமா."

அத்தை குழாய்த் திட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "அது ஆகாதுடா. கடைசி மாத்திரை வரைக்கும் ஆரஞ்சாத்தான் போகும்."

அவர் குழாயிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அட்டையெல்லாம் காலியா கொண்டாந்தியே?"

"பிதுக்கி எடுத்து வாஷ்பேசின்ல போட்டுத் தண்ணிய விட்டுட்டேன்கா."

"எல்லாமா?"

"முதல் வாரம் மூணு நாள் போட்டேன். வேன்ல ஏறினா குமட்டுது. ஒரு நாள் பாலத்து மேல வண்டிய ஓரங்கட்டிட்டு வாந்தி எடுத்தேன். பின்னாடி புள்ளைங்க. ஒண்ணு அழுவுது, ஒண்ணு 'அங்கிள் குடிச்சிருக்காரு'ங்குது. சாயங்காலமே ஓனர் போன். அதோட விட்டுட்டேன். உடம்பும் நல்லாத்தானே இருந்துச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ராத்திரி படுக்கப் போறப்போ போடுன்னு சொல்லியிருப்பேனேடா!"

"சொன்னா நீங்க கோடு போடுவீங்கன்னு பயந்தேன்."

அத்தை, "வேன்ல எத்தனை புள்ளைங்க?" என்று கேட்டார்.

"பதினாலு. முதல்ல பதினைஞ்சு. ஒரு பொண்ணு நாலு வாரத்துல வீடு மாத்திப் போயிடுச்சு."

"ஜன்னலைத் திறந்து வச்சுத்தானே ஓட்டுவ?"

"ஏசி வண்டிக்கா."

அத்தை மனதுக்குள் கணக்குப் போட்டார். மூடிய வண்டி, தினமும் இரண்டு வேளை, வேளைக்கு இரண்டரை மணி நேரம். நாலு வயதுப் பையன் ஒருவன் டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில்தான் உட்காருவான் என்றும் வேன்காரர் சொன்னார். "அவனுக்குப் பின்னாடி உக்காந்தா பயம்."

அன்று மாலையே அத்தை டாக்டரம்மாவின் அறைக்குப் போனார். தன் தலை தப்ப வேண்டும், பிள்ளைகளுக்கும் சோதனை நடக்க வேண்டும். அதற்கு ஏதாவது வழி இருக்குமா என்று பார்க்கத்தான் போனார். இதை அவரே என்னிடம் ஒளிக்காமல் சொன்னார்.

"டாக்டர், அந்த வேன் புள்ளைங்களையும் ஒரு தடவை பாத்துடலாமே?"

டாக்டரம்மா நிமிர்ந்தார். "எதுக்கு அக்கா? வேன்ல சேரும்போது சளி சுத்தம். அதுக்கப்புறம் ஒரு நாள் தவறாம மருந்து. இருமல் போன வாரம்தான் வந்திருக்கு. ஒரு வாரத்துக்காக அத்தனை வீட்டுல பீதியைக் கிளப்பணுமா? வீட்டு ஆளுங்களை மட்டும் வரச் சொல்லுங்க, போதும்."

"இல்ல, ஒரு சந்தேகத்துக்கு..."

"உங்க கார்டு இருக்கும்போது எனக்கென்ன சந்தேகம்?" என்று சிரித்துவிட்டு அடுத்த கோப்பை எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்த அத்தையின் முகத்தைப் பார்த்தே தலைமை நர்ஸ் வாயைப் பிடுங்கிவிட்டார். இருபது வருஷம் அந்தப் பிரிவில் பழம் தின்று கொட்டை போட்டவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் புதிய அட்டை ஒன்றை எடுத்து அத்தையின் பைக்குள் திணித்தார்.

"பழைய கார்டுல டீ கொட்டிடுச்சு, புதுசா எழுதினேன்னு சொல்லு. பின்பாதி நாலு வாரத்துக்கு மட்டும் கோடு போடு. 'போன மாசம் கொஞ்ச நாள் கையில குடுத்தேன், குறிக்க மறந்துட்டேன்'னு சொல்லிக்கோ. திட்டுவாங்க, அவ்வளவுதான். உனக்கும் வேலை போகாது, புள்ளைங்களுக்கும் டெஸ்ட் ஆயிடும்."

"டாக்டர் பழைய கார்டைப் பாத்துட்டாங்களே?"

"அவங்க ஒரு நாளைக்கு நூறு கார்டு பாக்கிறாங்க. போ, போய் எழுது."

அத்தை எழுத உட்கார்ந்தார். வீட்டில், சாப்பாட்டு மேஜையில், சாயங்கால வெளிச்சத்தில். நானும் அங்கேதான் இருந்தேன். மாமா கடையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"என்ன, வீட்டுலயும் டிக்கா?"

அத்தை சொன்னார். சொல்லி முடிக்கும்வரை மாமா ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. பிறகு எதிர்நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சரி, இந்தக் கார்டை டாக்டர் நம்பிட்டாங்கன்னு வச்சுக்கோ. எந்தத் தேதியிலேருந்து வேன்ல ஏறின புள்ளைங்களைக் கூப்பிடுவாங்க?"

"கோடு ஆரம்பிக்கிற தேதியிலேருந்து."

"அப்ப வீடு மாத்திப் போன பொண்ணு?"

அத்தையின் பேனா நின்றது. அந்தப் பெண் போனது நாலாவது வாரத்தில். கோடு ஆரம்பிப்பது ஐந்தாவது வாரத்தில்.

"அவளைக் கூப்பிட மாட்டாங்க" என்றார்.

"ம்."

"முழுசும் கோடு போட்டா?"

"ரெண்டு மாசமும் குறிக்க மறந்துட்டேன்னா யாரு நம்புவாங்க? அதுக்கும் ஒரு டீ கொட்டுவியா?"

"நீங்க சொல்றது சுலபம். வேலை போறது எனக்கு."

"போகட்டும்னு நான் சொல்லலையே. போனா நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்னுதான் சொல்றேன்."

அதற்கு அத்தை, "நீங்க கேக்காம இருந்துடுவீங்களாக்கும்" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார். புதிய அட்டையை இரண்டாகக் கிழித்தது அத்தைதான். மாமா இல்லை. நான் பார்த்தேன்.

மறுநாள் ஜன்னல் திறப்பதற்கு முன்பே அத்தை பழைய அட்டையோடு டாக்டரம்மாவின் எதிரே போய் நின்றார். முழுவதும் சொன்னார். எட்டு சனிக்கிழமை, காலி அட்டை, வாஷ்பேசின், ஏசி வண்டி, வீடு மாறிப்போன பெண். டாக்டரம்மா கோபப்படுவார், கத்துவார் என்று எதிர்பார்த்திருந்தார். அவர் கத்தவில்லை. அடுத்த மருந்துக்கு எழுதியிருந்த சீட்டை எடுத்துக் குறுக்கே கோடு கிழித்தார். பள்ளிக்குப் போன் செய்யச் சொல்லி ஆள் அனுப்பினார். அப்புறம் அத்தையைப் பார்த்தார்.

"மத்த கார்டுங்க?"

அத்தைக்கு முதலில் புரியவில்லை.

"உங்க ஜன்னல்ல இப்ப முப்பத்தோரு பேர் இருக்காங்க. அவங்க கார்டு?"

"ஐயோ, அதெல்லாம் நெசம் டாக்டர். ஒவ்வொண்ணும் என் கண்ணு முன்னாடி முழுங்கினது."

"இதுவும் நேத்து வரைக்கும் நெசமாத்தானே இருந்துச்சு அக்கா."

வேலை போகும் என்று அத்தை தயாராக வந்திருந்தார். இதை அவர் யோசித்தே பார்த்திருக்கவில்லை. தான் சொன்ன உண்மையால், தான் ஒழுங்காகப் போட்ட ஆயிரக்கணக்கான டிக்கும் செல்லாமல் போகும் என்று நினைக்கவே இல்லை. முப்பத்தோரு பேரும் மறுபடி சளி கொடுக்க வேண்டும், எக்ஸ்ரே எடுக்க வேண்டும், விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த வாரம் முழுவதும் அத்தையை ஜன்னலுக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். கேட்கும்போது உள்ளே போய் எழுதிக் கொடுக்க வேண்டும். எல்லோரும் அவரைத் தாண்டித்தான் போனார்கள்.

தையல்காரி ஒருவர் இருந்தார். ஐந்து மாதம் முடித்து, இன்னும் முப்பது நாளில் விடுதலை என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தவர். சளி டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு பெஞ்சுக்கு எதிரே நின்று வாங்கு வாங்கென்று வாங்கினார்.

"அஞ்சு மாசம் உங்க முன்னாடி குரங்கு மாதிரி வாயைத் தொறந்து காட்டினேன். எங்க வீட்டுக் கதையெல்லாம் சொன்னேன். இப்ப, நீ முழுங்கினியான்னு என்னையே கேக்கிறாங்க. எவனுக்கோ தயவு பாத்தீங்க, சரி. எனக்கு என்ன பாத்தீங்க?"

"தப்புதாம்மா" என்றார் அத்தை.

"இதை வச்சு நான் என்ன பண்றது? டப்பாவுல துப்புறதா?"

முப்பத்தோரு பேரின் முடிவும் சரியாகவே வந்தது. ஒருவர்கூடத் தவறவிட்டிருக்கவில்லை. அந்தச் செய்தி வருவதற்குள் அத்தையின் கையில் வேலை நீக்கக் கடிதம் வந்துவிட்டது. டாக்டரம்மா விசாரணையில் அத்தைக்காக இரண்டு வரி எழுதியதாகத் தலைமை நர்ஸ் சொன்னார். அது போதவில்லை.

வேன்காரருக்குப் பெரிய சோதனையின் முடிவு வந்தது. பழைய மருந்தே கேட்கும். முதல் நாளிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். வேன் சாவியை ஓனர் வாங்கிக்கொண்டார். ஒரு நாள் அவர் மாமாவின் கடைக்கு எதிரே நின்று, நாலு பேர் பார்க்க, "உங்க சம்சாரம் வாயை மூடிக்கிட்டிருந்தா நான் எப்படியோ பொழைச்சிருப்பேன்" என்று கத்தினார். மாமா அரத்தைக் கீழே வைக்காமல், "பொழைச்சிருப்ப தம்பி. அந்த அடுத்த மருந்துல கண்ணு தெரிஞ்சிருக்குமான்னுதான் தெரியல" என்றார். வேன்காரர் திரும்பிப் போய்விட்டார்.

பிள்ளைகளுக்குக் கையில் ஊசி போட்டு, மூன்றாம் நாள் தடிப்பை அளந்து பார்த்தார்கள். வீடு மாறிப்போன பெண்ணையும் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். அவளுக்கு ஒன்றும் இல்லை. ஐந்து பிள்ளைகளுக்குத் தடித்திருந்தது, கிருமி உள்ளே போயிருந்தது. அவர்களில் நாலு பேருக்கு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது, நோய் வராமலிருக்க மாத்திரை போதும் என்றார்கள். முன்சீட்டுப் பையனின் எக்ஸ்ரேயில் நிழல் இருந்தது. அவனுக்கு ஆறு மாத மருந்து.

அத்தை வேலையில்லாமல் வீட்டில் இருந்த மூன்றாவது வாரம், ஒரு சாயங்காலம் அந்தப் பையனின் அம்மா வந்தார். பெட்ரோல் பங்க் சீருடையோடு நேராக வேலையிலிருந்து வந்திருந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"நீங்கதானே அது?"

"நான்தாம்மா."

"உங்க மூஞ்சியைப் பாக்கவே கூடாதுன்னு இருந்தேன். மாத்திரையைத் தண்ணியில கரைச்சுக் குடுக்கச் சொன்னாங்க. துப்புறான். மூக்கைப் பிடிச்சு ஊத்தினா வாந்தி எடுக்கிறான். நர்ஸ் வாரத்துக்கு ஒரு தடவைதான் வராங்க. அவங்க மாஸ்க்கைப் பாத்தாலே கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கிறான். எனக்கு ஏழரைக்கு டியூட்டி. நான் என்ன பண்ணுவேன்?" குரல் உடைந்தது. உடனே மறுபடி இறுகியது. "பதினேழு வருஷம் இதைத்தானே செஞ்சீங்க. வந்து குடுங்க."

"எனக்கு இப்ப அந்த வேலை இல்லம்மா."

"வேலைன்னு நான் கூப்பிடல."

அத்தை தலையை ஆட்டினார்.

"உங்களை மன்னிச்சிட்டேன்னு நினைச்சுடாதீங்க" என்றார் அந்த அம்மா. "உள்ள வரக் கூடாது. வாசப்படியில உக்காந்து குடுங்க. நான் பக்கத்துலயே நிப்பேன். ஆறரைக்கு வந்துடணும்."

மறுநாள் ஆறேகாலுக்கே அத்தை அந்த வாசப்படியில் இருந்தார். பையன் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு தலையை மட்டும் நீட்டி, "நீ டாக்டரா?" என்று கேட்டான். இல்லை என்றதும், "அப்ப யாரு?" என்றான். அத்தை டம்ளரில் மாத்திரையைக் கரைக்க ஆரம்பித்தார். அந்த அம்மாவும் எடுத்துக் கொடுக்கவில்லை.

முதல் வாயைத் துப்பினான். இரண்டாவதையும் துப்பினான். மூன்றாவது, நாலாவது வாய் உள்ளே போனது. ஐந்தாவதில் டம்ளரைத் தட்டிவிட்டான். பாதி மருந்து படியில் ஓடியது. மணி ஏழைத் தாண்டியிருந்தது. அந்த அம்மா அட்டையையும் பேனாவையும் கையில் வைத்துக்கொண்டு, என்ன போடுவதென்று தெரியாமல் நின்றார்.

"எதுவும் போடாதீங்க" என்றார் அத்தை. "பாதிதான் போச்சுன்னு டாக்டருக்குப் போன் பண்ணுங்க. திரும்பக் குடுக்கணுமா வேணாமான்னு அவங்க சொல்லட்டும்."

அந்த அம்மா போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அத்தை தன் முந்தானையால் படியைத் துடைத்துவிட்டு, பதில் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.